எந்தப் பாபநாசம்? இணையத்தில் தரவுகளைக் கோக்கும் வேலை

நெல்லைச் சீமையில் மழைக்காலம் வந்துவிட்டால் காலையில் அந்த வாட்ஸ்அப் செய்தி தப்பாமல் வந்து விழும். பாபநாசம் உச்ச நீர்மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. எதிரே அன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். அதற்குக் கீழே கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று பட்டியல் நீளும். சில நாள் எழுத்தாக வரும், பல நாள் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருப்பார்கள். எப்படி வந்தாலும் நமக்குக் குழப்பம் கிடையாது. பாபநாசம் என்று போட்டிருந்தால் மேலே காட்டுக்குள் இருக்கும் காரையாறு அணை. வரத்து என்றால் விநாடிக்கு இத்தனை கன அடி. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து விவசாயி அந்த மூன்று வரியைப் பார்த்தே கன்னடியன் கால்வாய்த் தண்ணீரை நம்பி நாற்று விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவார்.

அதே செய்தியை ஒரு கணினி நிரலிடம் கொடுத்தால் முதல் சொல்லிலேயே திணறும். பாபநாசம் என்பது ஊரா, அணையா? ஊர்தான் என்றால் தாமிரபரணிக் கரையில் இருப்பதா, தஞ்சாவூர் மாவட்டத்தில் இருப்பதா? மணிமுத்தாறும் அப்படித்தான். நம்முடையது ஒன்று, விருத்தாசலம் பக்கம் ஓடுவது ஒன்று. நீர்வரத்து என்று போட்ட எண் கன அடியா கன மீட்டரா என்பதைக்கூட அந்தத் தாள் சொல்லாது, ஏனென்றால் படிக்கிறவருக்குத் தெரியும் என்று எழுதியவருக்குத் தெரியும்.

இணையத்தின் எதிர்காலம் என்று பேச்செடுத்தால் செயற்கை நுண்ணறிவு, செயற்கைக்கோள் இணைப்பு, இன்னும் வேகமான அலைக்கற்றை என்று போகிறோம். இவையெல்லாம் வரட்டும். ஆனால் இணையத்தில் பக்கங்களைச் சுட்டிகளால் இணைக்கும் வலையைக் கண்டுபிடித்த மனிதர் முதல் நாளே கையில் எடுத்து இன்றுவரை முடிக்காத வேலை ஒன்று இருக்கிறது. பக்கங்களை இணைப்பதோடு நிற்காமல், பக்கங்களுக்குள் இருக்கும் விஷயங்களையே ஒன்றோடொன்று இணைப்பது. அந்தப் பாபநாசமும் இந்தப் பாபநாசமும் வேறு என்று இயந்திரத்துக்கும் தெரியவைப்பது.

1989 மார்ச்சில் ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ, தன் மேலதிகாரியிடம் ஒரு முன்மொழிவைக் கொடுத்தார். அந்த நிறுவனத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வருவார்கள், இரண்டு வருஷம் இருப்பார்கள், போய்விடுவார்கள். யார் எந்தக் கருவியைச் செய்தார், எந்த ஆவணம் எதைப் பற்றியது என்பதும் அவர்களோடு போய்விடும். இதுதான் அவர் தீர்க்கப் பார்த்த பிரச்சினை. ‘தெளிவில்லை, ஆனால் ஆர்வமூட்டுகிறது’ என்கிற பொருளில் மேலதிகாரி அதன் மேல் எழுதிவைத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது முதல் பக்கத்திலிருந்த படம். வட்டங்களும் அம்புக்குறிகளும். ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் ஓர் உறவு எழுதியிருந்தது: ‘விவரிக்கிறது’, ‘உள்ளடக்கியது’, ‘எழுதினார்’ என்று.

அப்புறம் வந்த வலை அம்புக்குறியை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே எழுதியிருந்ததை விட்டுவிட்டது. இன்று ஒரு சுட்டியைத் தட்டினால் வேறு பக்கத்துக்குப் போகிறோம். ஏன் போகிறோம், இரண்டுக்கும் என்ன உறவு என்று அந்தச் சுட்டி சொல்வதில்லை. அந்த எளிமையால்தான் வலை அவ்வளவு வேகமாகப் பரவியது என்பதும் உண்மை. 1993 ஏப்ரலில் செர்ன் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது, பள்ளிக்கூடப் பையன்கூட ஒரு மாலைப்பொழுதில் பக்கம் செய்யப் பழகிவிடலாம் என்ற நிலை இருந்தது. உறவையும் எழுதியாக வேண்டும் என்று அன்றைக்கே கட்டாயப்படுத்தியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

விட்டதைத் திரும்ப ஒட்டும் முயற்சிதான் 1999இல் உலகளாவிய வலை கூட்டமைப்பு பரிந்துரையாக வெளியிட்ட ஆர்.டி.எஃப். பெயர் பயமுறுத்தினாலும் உள்ளே இருப்பது சின்ன விஷயம். உலகத்தில் உள்ள எந்தத் தகவலையும் மூன்று துண்டாக எழுதலாம் என்கிறது அது: எது, என்ன உறவு, எதோடு. நம் ஆற்றை வைத்தே பார்ப்போம்.

கடனாநதி — கலப்பது — தாமிரபரணி.
ராமநதி — கலப்பது — கடனாநதி.
ராமநதி அணை — அமைந்திருப்பது — ராமநதி.
ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு — அமைந்திருப்பது — தாமிரபரணி.

நாலு வரி. முதல் வரியைப் பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவர் எழுதியிருக்கலாம், இரண்டாவதைக் கடையத்துக் கல்லூரி மாணவர் யாராவது எழுதியிருக்கலாம், நாலாவது சென்னையில் ஏதோ ஒரு கணினியில் இருக்கலாம். ராமநதி அணையில் திறக்கும் தண்ணீருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று இவர்களில் யாரும் எழுதவில்லை. ஆனாலும் வரிகளைக் கோத்துப் பார்க்கும் நிரல் அதைக் கண்டுபிடித்துவிடும். தரவுகளை இணைப்பதால் வரும் லாபம் இதுதான். தனித்தனியாக எழுதியவர்களுக்குத் தெரியாத ஒன்று, சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்று பேரும் எழுதிய ‘கடனாநதி’ ஒரே கடனாநதிதான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். இங்கேதான் முகவரி வருகிறது.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 112/2 என்று ஒரு சர்வே எண்ணை மட்டும் சொன்னால் எந்தப் பத்திர எழுத்தரும் பேனாவை எடுக்க மாட்டார். எந்த வருவாய்க் கிராமம், எந்த வட்டம், எந்த மாவட்டம் என்று கேட்பார். எல்லாம் சொன்ன பிறகும், “அண்ணாச்சி, இது பழைய நம்பரு. யு.டி.ஆர்ல மாறியிருக்கும், புது நம்பர் பாத்துட்டு வாங்க” என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. யு.டி.ஆர். என்பது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம். கிராமம், வட்டம், மாவட்டம் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அதையும் மாற்றிவிட்டால் பழையதற்கும் புதியதற்கும் ஒப்பீட்டுப் பட்டியல் வேண்டும். மத்திய அரசு 2021 முதல் ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து 14 இலக்கத் தனி எண் கொடுக்கத் தொடங்கியிருப்பதும் இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான்.

இணையத்தில் இதே வேலையைச் செய்வது யூ.ஆர்.ஐ. எனப்படும் முகவரி. ஓர் இணையப் பெயரை ஒருவர் மட்டுமே பதிவு செய்ய முடியும். அதற்குக் கீழே அவர் கொடுக்கும் முகவரிகள் வேறு யாருடையதோடும் மோதாது. 2006இல் பெர்னர்ஸ்-லீ எழுதிவைத்த நாலு விதிகளின் சாரமும் இதுதான். பக்கத்துக்கு மட்டுமல்ல, ஆறு, ஊர், ஆள், புத்தகம், நோய் என எல்லாப் பொருளுக்கும் இப்படி ஒரு முகவரி கொடு. பிரவுசரில் தட்டினால் திறக்கும் முகவரியாகவே அது இருக்கட்டும். திறந்தால் அந்தப் பொருளைப் பற்றி உருப்படியான தகவல் கிடைக்கட்டும். அந்தத் தகவலில் வேறு பொருள்களின் முகவரிகளும் இருக்கட்டும்.

சொல்ல எளிது, நடந்தது வேறு. 2001இல் பெர்னர்ஸ்-லீயும் இன்னும் இருவரும் ஓர் அமெரிக்க அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள், இன்னும் பத்து வருஷத்தில் நம் கணினியே மருத்துவரின் கணினியோடு பேசி நேரம் வாங்கிவிடும் என்று நம்பினார்கள். அது நடக்கவில்லை. உறவுகளை இலக்கணப்படி வரையறுக்கிறோம் என்று கிளம்பியவர்கள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவே இல்லை. கடைக்காரர் எதற்காகத் தன் விலைப்பட்டியலை எவனோ எழுதிய நிரலுக்கு வசதியாக எழுதிவைக்க வேண்டும் என்ற கேள்விக்கும் யாரும் பதில் வைத்திருக்கவில்லை. என்னைக் கேட்டால் தோல்விக்குப் பெரிய காரணம் இந்த இரண்டாவதுதான். தொழில்நுட்பச் சிக்கலை நாலு பேர் உட்கார்ந்து தீர்த்துவிடலாம். ஆதாயம் இல்லாத வேலையை நாற்பது லட்சம் பேரிடம் வாங்க முடியாது.

பதில் 2011இல் வந்தது, அதுவும் தேடுபொறி நிறுவனங்களிடமிருந்து. கூகுளும் யாகூவும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்று ஒரு பொதுச் சொற்பட்டியலைக் கொண்டுவந்தன. உங்கள் பக்கத்தில் இது கடையின் பெயர், இது முகவரி, இது திறக்கும் நேரம், இது விலை என்று மறைவாகக் குறித்துவைத்தால் தேடல் முடிவில் உங்கள் கடை பளிச்சென்று தெரியும். அவ்வளவுதான், எல்லோரும் குறிக்க ஆரம்பித்தார்கள். அல்வாக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டதும் பக்கத்தைத் திறக்காமலே பதில் வருகிறதென்றால் பின்னால் இந்த மாதிரிக் குறிப்புகளுக்கும் பங்குண்டு. அடுத்த வருஷம் கூகுள், ஆளையும் ஊரையும் பொருளையும் உறவோடு கோத்துவைத்த தன் ‘அறிவு வரைபடம்’ என்ற தரவுத்தளத்தை அறிமுகப்படுத்தியது. கனவு நிறைவேறியதா என்றால் நிறைவேறியது. ஆனால் கோத்த மாலை அந்த நிறுவனங்களின் கழுத்தில் கிடக்கிறது.

அப்படி ஆகாத ஒன்று 2012 அக்டோபரில் தொடங்கிய, விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கித்தரவு. அதற்கு முன்னால் தமிழ் விக்கிப்பீடியாவின் தாமிரபரணிப் பக்கத்திலிருந்து மலையாளம், ஆங்கிலம், ஜெர்மன் பக்கங்களுக்குப் போகும் பட்டியலை ஒவ்வொரு மொழியும் தனித்தனியாக வைத்திருந்தது. ஒன்றில் மாற்றினால் மற்ற எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். இப்போது எல்லா மொழிப் பக்கங்களும் ஒரே எண்ணைச் சுட்டுகின்றன. விக்கித்தரவில் தமிழ்நாட்டின் எண் கியூ1445, இந்தியாவின் எண் கியூ668. அந்த எண்ணுக்குக் கீழே தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், இருப்பிடம், எல்லை எல்லாம் நான் மேலே காட்டிய மூன்று துண்டு வடிவில் இருக்கும். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் எண் வாங்கியிருக்கின்றன. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம்.

பெயரை விட்டுவிட்டு எதற்கு அர்த்தமில்லாத எண் என்று கேட்கலாம். 2020இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டது நினைவிருக்கும். தூத்துக்குடியும் கோயம்புத்தூரும் ஆங்கிலத்தில் அடையாளம் தெரியாமல் நீண்டுபோயின. சில நாளிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெயரையே முகவரியாக வைத்திருந்த எந்தத் தரவுத்தளமும் இப்படி ஓர் ஆணையில் உடைந்துபோகும். எண்ணை முகவரியாக வைத்திருப்பவருக்கு ஒரு வரி மாறும், அவ்வளவுதான். டின்னவெல்லி, திருநெல்வேலி, நெல்லை எல்லாம் ஓர் எண்ணின் பெயர்கள்.

எழுத்துக்கூட்டலைவிடப் பெரிய சிக்கல் எல்லை. நம் சீமைக்கு இது நன்றாகத் தெரியும். 1986 அக்டோபர் 20 வரை திருச்செந்தூரும் ஸ்ரீவைகுண்டமும் திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பர் 22 வரை குற்றாலமும் சங்கரன்கோவிலும் திருநெல்வேலி மாவட்டம். பழைய புள்ளிவிவரத்தில் ‘திருநெல்வேலி மாவட்ட நெல் விளைச்சல்’ என்று ஓர் எண்ணைப் பார்த்தால், எந்தத் திருநெல்வேலி என்று கேட்காமல் இன்றைய எண்ணோடு ஒப்பிடவே கூடாது. ஆனால் எத்தனையோ பேர் ஒப்பிடுகிறார்கள். ஒழுங்காகக் கோத்த தரவில் ‘ஸ்ரீவைகுண்டம் — அமைந்திருக்கும் மாவட்டம் — திருநெல்வேலி’ என்ற வரியோடு, எந்தத் தேதி வரை என்ற குறிப்பும் தொங்கும். விக்கித்தரவில் அதற்கு இடமிருக்கிறது. இடமிருப்பது வேறு, யாராவது உட்கார்ந்து நிரப்பியிருப்பது வேறு.

ஆதிச்சநல்லூர் இன்னும் சுவாரசியமான வழக்கு. 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899இலிருந்து 1905 வரை அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. பின்னாளில் மத்தியத் தொல்லியல் துறை எடுத்தவை, மாநிலத் துறை எடுத்தவை என்று தனித்தனி வரிசைகள். இங்கே ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. ஒரே பரம்பில் ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடந்த இரண்டு தாழிகளில் ஒன்று ஐரோப்பாவிலும் ஒன்று எழும்பூரிலும் இருக்கலாம். பழைய அட்டையில் டின்னவெல்லி மாவட்டம் என்றிருக்கும், புதியதில் தூத்துக்குடி மாவட்டம் என்றிருக்கும். பொருள்களை மீட்டுக் கொண்டுவருவது அரசியல், சட்டம், வருஷக்கணக்கான இழுபறி. பட்டியல்களை இணைப்பதற்கு அந்தத் தடை எதுவும் இல்லை. அருங்காட்சியகப் பொருள்களைக் குறிப்பதற்கென்றே சர்வதேசத் தரமும் இருக்கிறது. எல்லாப் பட்டியலும் ‘ஆதிச்சநல்லூர்’ என்ற ஒரே முகவரியைச் சுட்டினால், பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவி பெர்லினுக்குப் போகாமலே அந்தப் பரம்பைத் திரையில் திரும்ப அடுக்கிப் பார்க்கலாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அந்த 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அவ்வளவு மழையை எந்தத் தரவும் தடுத்திருக்காது, அப்படிச் சொல்வது ஏமாற்று. ஆனால் மழை அளவு வானிலைத் துறையிடம், அணை வெளியேற்றம் நீர்வளத் துறையிடம், கரையோர ஊர்ப் பட்டியல் வருவாய்த் துறையிடம், தண்டவாளம் ரயில்வேயிடம் என்று நாலு இடத்தில் இருக்கும் தகவலை அந்த இரவில் கோக்கக்கூடிய ஒரே கருவி மனிதர்களின் மண்டைதான். கடனாநதி அணை தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது, தண்ணீர் வந்து சேர்வது திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூரில், ஊரை முக்குவது தூத்துக்குடி மாவட்டத்தில். குற்றாலத்துத் தண்ணீரைக் கொண்டுவரும் சிற்றாறும் சீவலப்பேரியில் வந்து சேர்கிறது. மூன்று ஆட்சியர் அலுவலகங்கள், ஒரே ஆறு. மேலே ஓர் அணையில் இத்தனை கன அடி திறந்தால் கீழே எந்தெந்தக் கால்வாய், எந்தெந்த ஊர் என்று கேட்டதும் பட்டியல் வர வேண்டுமானால், அணைக்கும் கால்வாய்க்கும் குளத்துக்கும் ஊருக்கும் எல்லாத் துறையும் ஒப்புக்கொண்ட எண் வேண்டும். ஊராட்சிகளுக்கும் கிராமங்களுக்கும் மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு ஏற்கெனவே எண் கொடுத்திருக்கிறது. அந்தப் பாதி வேலை முடிந்தது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்த எண்ணும் முகவரியும் எதற்கு, அதுவே படித்துப் புரிந்துகொள்ளாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓரளவு சரி. அந்த வாட்ஸ்அப் போட்டோவைக் கொடுத்தால் சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருக்கும் ‘மொழி மாதிரி’ என்ற நிரல் எழுத்தைப் படித்துவிடும், சூழலை வைத்துப் பாபநாசம் அணை என்றும் பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கும். பிரச்சினை அந்தப் ‘பெரும்பாலும்’தான். தஞ்சாவூர்ப் பாபநாசத்தின் தகவலைத் தாமிரபரணிக் கரையில் கொண்டுவந்து ஒட்டினாலும் அதே தன்னம்பிக்கையோடு பேசும். கோத்த தரவு அப்படி ஊகிக்காது. இருந்தால் சொல்லும், எங்கிருந்து வந்தது என்றும் காட்டும், இல்லாவிட்டால் இல்லை. இரண்டையும் சேர்த்து வேலை வாங்குவதில்தான் இப்போது உலகம் முழுக்கக் கவனம் திரும்பியிருக்கிறது. மொழி மாதிரி கேள்வியைப் புரிந்துகொள்ளட்டும், விடையைத் தரவிலிருந்து எடுக்கட்டும். அதனால் ஒரு காலத்தில் தோற்றுப்போனதாகச் சொன்ன வேலைக்கு இன்றைக்குத் தேவை கூடியிருக்கிறது.

இணைப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஆற்றையும் அணையையும் இணைப்பது ஒன்று, ஆளை இணைப்பது வேறு. ரேஷன் அட்டை, பட்டா, கைபேசி எண், ஆஸ்பத்திரிச் சீட்டு இவை தனித்தனியாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. நாலையும் ஒரே எண்ணில் கோத்துவிட்டால், ஒரு தெருவில் யார் எந்தச் சாதி, யாருக்குக் கடன், யாருக்கு என்ன நோய் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து பட்டியல் போடலாம். நம் ஊர்ப் பக்கத்தில் அது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் கேட்கச் சொல்கிறது, சரி. ஒப்புதல் பெட்டியில் டிக் அடிக்காமல் எந்தச் செயலி திறக்கிறது? பெர்னர்ஸ்-லீயே இதற்கு மாற்றாகச் சாலிட் என்ற திட்டத்தில் பல வருஷமாக இறங்கியிருக்கிறார். உங்கள் தரவு உங்கள் பெட்டகத்தில் இருக்கும், செயலிகள் வந்து அனுமதி கேட்டுப் பார்த்துவிட்டுப் போகும். யோசனை அருமை. வீட்டுக்கு வீடு பெட்டகம் வைக்கும் நாள் அருகில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் எல்லாம் முகவரியை யார் காப்பாற்றுவது என்பதில் வந்து நிற்கிறது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்துக்குள் காணாமல் போய்விட்டதாகப் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. ஃப்ரீபேஸ் என்றொரு அருமையான இணைப்புத் தரவுத்தளம் இருந்தது. கூகுள் 2010இல் வாங்கியது, 2016இல் மூடியது. ஒரு பகுதியை விக்கித்தரவு வாங்கிக்கொண்டது. அரசுத் தளங்களில் புது வடிவமைப்பு வரும்போதெல்லாம் பழைய சுட்டிகள் செத்துப்போவதை நாமே பார்க்கிறோம். ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டு முப்பது வருஷம் அதே இடத்தில் வைத்திருப்பது அலுப்பான வேலை. திறப்பு விழாவும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. பத்திரப் பதிவு அலுவலகத்தின் பழைய தொகுதிகளைக் கரையானிடமிருந்து காப்பாற்றிய பதிவறை எழுத்தர்கள் செய்த அதே வேலைதான், இப்போது சர்வரில்.

நெல்லைச் சீமையில் மிச்சமிருப்பது குளங்கள். 2023இல் வெளியான நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு 24,24,540 நீர்நிலைகளை எண்ணியது. இருப்பிடக் குறிப்போடும் படத்தோடும்தான் எண்ணினார்கள். இனி வேண்டியது ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு பொது முகவரி, எந்தக் கால்வாயிலிருந்து தண்ணீர் வருகிறது, மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம் எது என்ற இரண்டே வரி. வரும் கால்வாயும் போகும் மறுகாலும் அந்தந்த ஊர் மடைக்காரருக்கு மனப்பாடம். நயினார்குளத்துக்கும் மானூர்ப் பெரிய குளத்துக்கும் இந்த இரண்டு வரியை விக்கித்தரவில் ஏற்ற ஒரு கைபேசியும் அரை மணி நேரமும் போதும். ஆனால் அடுத்த வரியில் அது ஆதாரம் கேட்கும். மடைக்காரர் சொன்னார் என்பது அங்கே ஆதாரமாகாது, மற்றவர்கள் சரிபார்க்கும்படி எங்காவது வெளியாகியிருக்க வேண்டும். ஆக முதலில் யாராவது ஊர் ஊராகப் போய் அவர்களிடம் கேட்டு எழுதி வெளியிட வேண்டியிருக்கிறது.